குடை சாயும் வண்டிகள்

வண்டி கவிழ்ந்துவிட்டால் 'குடை சாய்ந்துவிட்டது' என்பது நம் ஊர் வழக்கு. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி வாய்க்கால் மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி, மறுபக்கம் மெல்லச் சாய்ந்து படுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் புரியும். வைக்கோல் சரியும், நுகத்தடியில் மாடு திணறும், வண்டிக்காரர் குதித்து ஒதுங்கிவிடுவார். நாலு பேர் கைகொடுத்தால் அரை மணியில் வண்டி நிமிர்ந்துவிடும். மாட்டு வண்டி சாய்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் மனிதனுக்கும் நேரம் கொடுக்கும். எஞ்சின் வைத்த வண்டி அந்த மரியாதையைக் காட்டுவதில்லை.

இந்த இதழுக்கு ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். சிட்னி ஆபரா ஹவுஸ், கங்காரு, மெல்பர்ன் முருகன் கோயில் எல்லாவற்றையும் பற்றி நம் உறுப்பினர்கள் பலர் எழுதியாகிவிட்டது, படமும் போட்டாகிவிட்டது. 2023 கடைசியில் மூன்று மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது என் கண்ணை உறுத்தியது வேறு ஒன்று. அது, கவிழும் வண்டி. முப்பத்தோரு வருடம் வடக்கே ஒரு டிராக்டர் ஆலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுச் செம்பூரில் வந்து ஒதுங்கியவன் நான். ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் கண் சக்கரத்தின் மீதுதான் போகும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாலு சக்கர மோட்டார் சைக்கிள்

மகள் டாக்டர். விக்டோரியா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், மெல்பர்னிலிருந்து காரில் மூன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிற்றூர் ஒன்றில் வேலை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்டுப் பண்ணைகள். நம் பக்கத்தில் ஐம்பது ஆடு வைத்திருப்பவர் பெரிய மனிதர். அங்கே இரண்டாயிரம் மூவாயிரம் ஆடுகளைக் கணவன், மனைவி, ஒரு நாய், ஒரு வண்டி என்று பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வண்டிதான் 'குவாட் பைக்'. நம் நாட்டில் ஏ.டி.வி. என்கிறோம்.

மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி, குதிரைச் சேணம் போல இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை, அடியில் ஊதின பலூன் மாதிரி தடித்த நாலு டயர். காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் சேறு, மணல், புல்மேடு எதிலும் அழுந்தாமல் போகும். முன்னும் பின்னும் சாமான் வைக்கக் கம்பித் தட்டு. அதில் வேலிக் கம்பிச் சுருள், நோயுற்ற ஆடு, களைக்கொல்லி அடிக்கும் டாங்க், பெரும்பாலும் நாயும் இருக்கும். குதிரைக்குத் தீனி வேண்டும், லாடம் வேண்டும். இதற்குப் பெட்ரோல் போதும். விவசாயிகள் விரும்பியதில் வியப்பில்லை.

முதலில் இது விளையாட்டுச் சாமானாகத்தான் பிறந்தது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரத்தில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1982-இல் சுசூகி நாலு சக்கரம் வைத்தது. மூன்று சக்கர வண்டி அமெரிக்காவில் எத்தனையோ பேரைக் கவிழ்த்து, கடைசியில் 1988-இல் அந்நாட்டு அரசோடு நிறுவனங்கள் கோர்ட்டு மூலம் உடன்படிக்கை செய்துகொண்டு அதன் விற்பனையை நிறுத்தின. நாலு சக்கரம் தப்பித்தது. பார்வைக்கு நாற்காலி போல நாலு காலில் நிற்பதால் இது கவிழாது என்ற நம்பிக்கை யாருக்கும் வரும்.

மகளிடம் காட்டிக்கொள்ள வந்த ஒரு விவசாயியை அங்கே ஒரு விருந்தில் சந்தித்தேன். எழுபது வயது. கைத்தடியோடு நடந்தார். நான் டிராக்டர்க்காரன் என்று தெரிந்ததும் அருகில் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் சரிவான மேய்ச்சல் நிலத்தில் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தாராம். பின்னால் பாதி நிறைந்த டாங்க். மேட்டுப் பக்கத்துச் சக்கரம் ஒரு புல்திட்டின் மேல் ஏறியது. அவ்வளவுதான், வண்டி அவரை இறக்கிவிட்டு அவர் மேலேயே வந்து படுத்துவிட்டது. இடுப்புக்குக் கீழே முந்நூறு கிலோ. செல்போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. சாப்பாட்டுக்கு வராததைப் பார்த்து மனைவி தேடி வரும்வரை மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தார். இடுப்பெலும்பும் காறை எலும்பும் முறிந்தன.

"நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன். அந்தச் சரிவில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா" என்று கேட்டார்களாம். எலும்பு முறிந்ததைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

வீடு திரும்பும்போது காரில் மகள் சொன்னாள்: "அவர் அதிர்ஷ்டசாலிப்பா. வண்டி இடுப்பு மேல விழுந்துச்சு. நெஞ்சு மேல விழுந்திருந்தா மூணு மணி நேரம் எல்லாம் கிடையாது. அஞ்சு நிமிஷம் கூடத் தாங்காது."

"விலா எலும்பு நொறுங்கிடுமா?"

"அதுகூட வேண்டாம்பா. ஒரு எலும்பும் முறியாம இருக்கலாம். நெஞ்சு விரிஞ்சாத்தானே மூச்சு? மேல பாரம் உட்கார்ந்தா விரியாது. அவ்வளவுதான்."

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால், தலையில் அடிபட்டுச் சாவார்கள், நசுங்கிச் சாவார்கள் என்பது தெரியும். அடியே படாத ஒரு மனிதர், ஆளில்லாத வெளியில், முழு நினைவோடு, ஒரு வண்டியின் கீழே மூச்சு நின்று போவது என்பது வேறு கணக்கு. பின்னால் படித்துப் பார்த்தபோது, பண்ணை வேலையில் இந்த வண்டி கவிழ்ந்து இறந்தவர்களில் கணிசமானோர் இப்படித்தான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யாராவது கூட இருந்து வண்டியைத் தூக்கியிருந்தால் எழுந்து நடந்திருப்பார்கள்.

தஞ்சாவூர்ப் பொம்மைக்கு எதிர்ப்பதம்

தலையாட்டிப் பொம்மையை நாம் எல்லோரும் தட்டி விளையாடியிருக்கிறோம். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்ளும். காரணம், அதன் கனம் எல்லாம் அடியில், அடியும் அகலம். குவாட் பைக் இதற்கு நேர் எதிர். மேட்டிலும் கல்லிலும் தட்டாமல் இருக்க எஞ்சினை உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள். குறுகிய வழியிலும் நுழைய வேண்டும் என்பதால் அகலம் குறைவு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்குள்தான். இதற்கு மேல், எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில், மனிதர் ஏறி உட்காருகிறார். முந்நூறு கிலோ வண்டியில் எண்பது கிலோ மனிதர் என்பது சாதாரண விஷயமல்ல. காரில் ஏறும்போது காரின் சமநிலையை நாம் மாற்றுவதில்லை. இதில் ஏறும்போது வண்டியே வேறு வண்டியாகிவிடுகிறது. டாங்கில் பாதித் தண்ணீர் இருந்தால் அது வேறு, சரிவுப் பக்கமாகவே ஓடி ஓடிச் சேரும்.

எங்கள் சோதனைக் கூடத்தில் செய்வது போலவே இதற்கும் ஒரு பலகைச் சோதனை உண்டு. வண்டியைப் பலகையில் நிறுத்திப் பலகையின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குவார்கள். மேல்பக்கச் சக்கரம் இரண்டும் எந்தக் கோணத்தில் பலகையை விட்டு எழும்புகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். 29 பாகையை ஒட்டி எழும்பினால், ஒரு மீட்டர் நகர 55 சென்டிமீட்டர் ஏறும் சரிவு என்று பொருள். அது நல்ல செங்குத்துதானே, அதில் யார் போகப் போகிறார்கள் என்று நினைக்கலாம். ஆனால் பலகையில் கல் இல்லை, முயல் வளை இல்லை, திருப்பம் இல்லை. இருபது பாகைச் சரிவில் மேல் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கீழ்ச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் கணக்கு முடிந்தது.

சமதரையில்கூடக் கவிழும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்து மீட்டர் ஆரத்தில் சட்டென்று திரும்பினால், வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் 0.63 பங்கு வருகிறது. 55 சென்டிமீட்டர்க் கணக்கில் சாயும் வண்டி 0.55 பங்கிலேயே சாயத் தயாராகிவிடும். இருபது கிலோமீட்டர் என்பது தாதரில் டாக்சி போகிற வேகம். ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டால் தப்பலாம். அதனால்தான் நிறுவனங்கள், ஓட்டுபவர் இருக்கையில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்து உடம்பாலேயே வண்டியைச் சமன் செய்ய வேண்டும் என்று பயிற்சிப் புத்தகத்தில் எழுதுகின்றன. ஓடிப்போகும் ஆட்டின் மேல் ஒரு கண், வேலியின் மேல் ஒரு கண் வைத்துப் பத்து மணி நேரம் வேலை செய்யும் எழுபது வயதுக்காரர் சர்க்கஸ்காரர் போல் உடம்பை வளைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பை நகர்த்த வேண்டும் என்பதால் இந்த வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. கூண்டும் கிடையாது. எனவே கவிழும்போது மனிதர் விழுவது ஒரு பக்கம், வண்டி விழுவதும் பெரும்பாலும் அதே பக்கம்.

வளைந்த குழாய்க்கு ஒரு வழக்கு

ஆஸ்திரேலியாவில் 2011 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இந்த வண்டியால் இறந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்பது அந்நாட்டு நுகர்வோர் ஆணையத்தின் கணக்கு. மும்பை ரயில் தண்டவாளத்தைப் பார்த்துப் பழகிய நமக்குப் பதினாறு என்பது ஒரு எண்ணாகவே தோன்றாது. அங்கே அப்போது மொத்த ஜனத்தொகையே ஏறத்தாழ இரண்டரைக் கோடிதான். அதிலும் பண்ணையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு சாவும் ஒரு ஊருக்குத் தெரிந்த சாவு. குழந்தைகளும் உண்டு, அறுபதைத் தாண்டியவர்களும் நிறைய.

இதற்கு மருந்தாக வந்தது ஒரு வளைந்த குழாய். குவீன்ஸ்லாந்தில் உருவான 'குவாட்பார்' என்பது கொண்டை ஊசி வடிவத்தில் இருக்கும். ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாகப் பொருத்துவார்கள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் இது தரையில் ஊன்றி, முழுவதும் புரளாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். புரண்டாலும் வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சந்து மிஞ்சும். நியூசிலாந்தில் செய்த இன்னொரு வகை, துண்டு துண்டாகக் கோர்த்த வளையம். ஆள்மேல் பட்டால் வளைந்துகொடுக்கும், வண்டியைத் தாங்கும். கொல்லன் பட்டறையில் பார்த்தால் 'இதுவா?' என்று கேட்கத் தோன்றும். வண்டி விலையோடு பார்த்தால் செலவும் சொற்பம்.

இந்தக் குழாயை வண்டிக் கம்பெனிகள் விடாப்பிடியாக எதிர்த்தன. அவர்கள் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கவிழும்போது தூக்கி எறியப்பட்டுத் தப்ப வேண்டிய ஆளை இந்தக் குழாயே அடித்துவிடலாம் என்றார்கள். அதற்குத் தாங்கள் செய்வித்த கணினிக் கணக்கையும் காட்டினார்கள். ஹெல்மெட், பயிற்சி, சிறுவர்களை ஏற்றாமை, இவைதான் தேவை என்றார்கள். ஹெல்மெட்டும் பயிற்சியும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சின் மேல் வண்டி உட்கார்ந்திருக்கும்போது தலையில் ஹெல்மெட் இருந்து என்ன செய்யும்?

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஃபேல் கிரெபியேட்டா குழுவினர் பலவகை வண்டிகளைப் பலகையில் சாய்த்தும், பொம்மை மனிதர்களை உட்கார வைத்துக் கவிழ்த்தும் சோதித்தார்கள். 2015-இல் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் மரண விசாரணை அதிகாரிகள் பல சாவுகளை ஒன்றாக எடுத்து விசாரித்தார்கள். நம் நாட்டில் ஒரு விபத்துக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். என்று தனித்தனியே மூடிவிடுவோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டியவர் தவறு ஏதாவது ஒன்று அகப்படும்: வேகம், சரிவு, வயது, பாரம். பத்தை வரிசையாக அடுக்கினால்தான் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது வண்டி என்று தெரிகிறது. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

2019 அக்டோபரில் சட்டம் வந்தது. முதல் கட்டம் 2020 அக்டோபர் 11 முதல்: விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புது வண்டியிலும் எந்தக் கோணத்தில் அது சாயத் தொடங்கும் என்று அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 11 முதல்: பொதுப் பயன்பாட்டு வண்டிகள் பக்கவாட்டில் 28.81 பாகைக்குள் சாயக் கூடாது, காப்புக் கம்பி பொருத்தாமல் விற்கக் கூடாது. அந்த விசித்திரமான 28.81 என்பது நான் மேலே சொன்ன 55 சென்டிமீட்டர்க் கணக்கேதான்.

ஹோண்டாவும் யமஹாவும் கம்பி பொருத்துவதற்குப் பதிலாக ஆஸ்திரேலியாவில் இந்த வகை வண்டிகளை விற்பதையே நிறுத்திக்கொண்டன. வேறு சில கம்பெனிகள் கம்பியோடு விற்கத் தொடங்கின. பல விவசாயிகள், கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சிறு வண்டிக்கு மாறினார்கள். நான் சந்தித்த பெரியவரும் அதைத்தான் வாங்கியிருந்தார். "கார் மாதிரி இருக்கிறது, அவமானமாக இருக்கிறது" என்று சிரித்தார். பழைய குவாட் பைக்கை விற்கவில்லை. அதில் ஒரு கம்பியைப் பொருத்திக் கொட்டகையில் வைத்திருக்கிறார். பண்ணைக் கொட்டகைகளில் கம்பியில்லாத பழைய வண்டிகள் நிறையவே நிற்கின்றன. சட்டம் புதிதாக விற்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே சாவு நின்றுவிடவில்லை.

நம் பக்கம்

ஜுஹு கடற்கரையிலும் சென்னை மெரினாவிலும் போலீசார் இந்த வண்டியில் ரோந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். லோனாவாலா, பஞ்ச்கனி பக்கம் பள்ளி விடுமுறையில் போனால், காசு வாங்கிக்கொண்டு குழந்தைகளை இதில் உட்கார வைத்துச் சுற்றவிடும் இடங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குள் ஓட்டக் கூடாது என்பது 1988-லேயே அமெரிக்க உடன்படிக்கையில் ஏறிய விஷயம். அங்கே பின்னால் தொற்றிக்கொண்டு நாள் முழுவதும் ஓடும் பையன்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. சுற்றுலாக்காரர் பத்து நிமிடம் ஏறி இறங்கிவிடுவார். அவர்களுக்கு அது உத்தியோகம்.

ஆனால் நம் நாட்டில் இந்தக் கதையின் உண்மையான பெயர் டிராக்டர்.

டிராக்டர் பக்கவாட்டில் மட்டுமல்ல, பின்பக்கமாகவும் மல்லாக்கும். தஞ்சை, திருவாரூர் அன்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். நடவுக்குச் சேறு உழும்போது இரும்புக் கேஜ் வீல் சேற்றில் புதைந்துவிடும். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டுக் கட்டி, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினை உறும வைப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாவிட்டால் சக்கரத்தைச் சுற்றி டிராக்டர் சுற்றும். அதாவது மூக்கு மேலே எழும்பும். எழும்பிய முக்கால் வினாடியில் திரும்ப முடியாத எல்லையைத் தாண்டிவிடும். ஒன்றரை வினாடியில் ஓட்டுபவர் ஸ்டியரிங்குக்கும் சேற்றுக்கும் நடுவே. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை நினைத்துக் கால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மரத்தை இழுக்கச் சங்கிலியைக் கீழ்க் கொக்கியில் மாட்டாமல் அச்சுக்கு மேலே மாட்டினாலும் இதே கதைதான்.

இதற்கு உலகம் கண்ட வழியும் பழையது. 1959-இல் சுவீடன் புது டிராக்டர்களுக்கெல்லாம் காப்புச் சட்டம் கட்டாயம் என்றது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது காலப்போக்கில் அபூர்வமாகிவிட்டது. அமெரிக்காவில் 1976 அக்டோபருக்குப் பின் செய்த, இருபது குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டரில் கூலி ஆளை ஏற்றினால் காப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கைக்குப் பின்னால் 'ப'-வைக் கவிழ்த்த மாதிரி நிற்கும் இரும்புச் சட்டம் அது. தொழிலில் 'ரோப்ஸ்' என்போம்.

என் வேலையே அதைச் சோதிப்பதுதான். பின்னாலிருந்து தள்ளுவோம், பக்கத்திலிருந்து தள்ளுவோம், மேலிருந்து நசுக்குவோம். சட்டம் வளையலாம், கோணலாகலாம். ஓட்டுபவர் உட்காரும் இடம் என்று வரையறுத்த வெளிக்குள் மட்டும் அது வரக் கூடாது. வராவிட்டால் பாஸ். பாஸான சட்டத்தைப் பொருத்தி, டிராக்டருக்குப் பளபளவென்று வண்ணம் பூசிக் கப்பலில் ஏற்றுவார்கள்.

அதே ஆலையில், அதே வரிசையில், அதே எஞ்சினோடு அடுத்து வரும் டிராக்டருக்குச் சட்டம் கிடையாது. அது உள்ளூருக்குப் போவது. நாளெல்லாம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். தூரத்திலிருந்து பார்த்தாலே எது அமெரிக்கனுக்கு, எது பஞ்சாபிக்கு என்று சொல்லிவிடலாம். உள்ளூர் டிராக்டருக்கும் பொருத்தலாம் என்று எங்கள் பிரிவிலிருந்து இரண்டு தடவை குறிப்பு அனுப்பினோம். விலை ஏறும், போட்டிக் கம்பெனி பொருத்தவில்லை, வாடிக்கையாளர் கேட்கவில்லை, சட்டத்திலும் கட்டாயமில்லை என்று பதில் வந்தது. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆஸ்திரேலியாவில் வண்டிக் கம்பெனிகள் எழுதிய கடிதங்களைப் படித்தபோது அந்தப் பதிலின் வாசனை எனக்கு உடனே தெரிந்தது.

வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் விவசாயிகள் டிராக்டர் வாங்கியவுடன் வெல்டிங் பட்டறைக்குத்தான் ஓட்டிப் போகிறார்கள். வெயிலுக்குக் கூரை, சீரியல் பல்பு, பாட்டுப் பெட்டி எல்லாம் பொருத்திக்கொள்கிறார்கள். அந்தக் கூரைக்கான செலவில் பாதியைக் கூட்டினால் முறையான சட்டம் வந்துவிடும். கூரைக் குழாய் டிராக்டர் எடைக்கு முன் ஊதுவத்திக் குச்சி. அதை நம்பக் கூடாது. தென்னந்தோப்பில் மட்டை இடிக்கும் என்பார்கள். மடக்குகிற சட்டம் இருக்கிறது. அதை மடக்கி ஓட்டும்போது சீட் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், நிமிர்த்தியபின் கட்டாயம் போட வேண்டும். சட்டம் மட்டும் இருந்து பெல்ட் போடாவிட்டால், கவிழும்போது தூக்கி எறிந்து அந்தச் சட்டத்தின் கீழேயே விழ வாய்ப்புண்டு. இது சிறு விஷயம் போலத் தோன்றும். தயவுசெய்து ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த வருடம் அறுவடைக்கு முன் மன்னார்குடிப் பக்கம் என் அண்ணன் மகன் புது டிராக்டர் வாங்கினான். "சித்தப்பா, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்று போன் செய்தான். எந்தக் கம்பெனியானாலும் சரி, சட்டமும் பெல்ட்டும் கேட்டு வாங்கு என்றேன். டீலரிடம் போய்க் கேட்டிருக்கிறான். விற்பனைப் பையனுக்கு முதலில் புரியவில்லையாம். கூரை வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். பிறகு உள்ளே போய் மேலாளரிடம் விசாரித்து வந்து, "இருக்கு சார், கம்பெனியில இருக்கு. ஆனா இதுவரைக்கும் இந்த ஜில்லாவுல யாரும் கேட்டதில்ல. ஆர்டர் போட்டா வரும்" என்றானாம். ஆர்டர் போட்டிருக்கிறான். முன்பணமும் கட்டிவிட்டான். டிராக்டர் வந்துவிட்டது. சட்டம் அடுத்த லோடில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சேற்று உழவுக்குப் பழைய வாடகை டிராக்டர்தான் என்று அண்ணி சொல்லிவிட்டாளாம். அவள் பேச்சை மீற அவனால் ஆகாது.